பச்சப் புள்ளைக்கு பிரஷரா?

“பச்சப் புள்ளைக்குப் போய் பிரஷரா?” என்று அத்தை கேட்டபோது எனக்கும் அதே சந்தேகம்தான்.

என் மகன் 27 வாரத்தில், 910 கிராமில் பிறந்தவன். மூன்று வாரமாகியும் வென்டிலேட்டரை எடுக்க முடியாமல் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்கினார்கள். கிலோவுக்கு 0.15 மில்லிகிராமில் ஆரம்பித்து 0.02 வரை இறங்கும் 10 நாள் கணக்கு. கையெழுத்து வாங்கிய தாளில் சர்க்கரை, தொற்று, குடல் ஓட்டை என்று வரிசையாக இருந்தது. பிரஷரும் இருந்ததாம். நான் குடல் ஓட்டையிலேயே நின்றுவிட்டேன்.

ஐந்தாம் நாள் குழாயை எடுத்துவிட்டார்கள். அன்றிரவே மானிட்டரில் பிரஷர் 98. அந்த வாரக் குழந்தைக்கு மேல் எண் 80ஐத் தாண்டினாலே அதிகம். டியூட்டியில் இருந்தவரோ, “ஸ்டீராய்டு போட்டா ஏறும்மா, போய்ப் படுங்க” என்றார். எங்கே படுப்பது?

விடியற்காலை வந்த சீனியர் சிஸ்டர்தான் அவன் கையைத் தூக்கிப் பார்த்தார். பிறந்த அன்று கட்டிய அதே 1ஆம் நம்பர் கஃப், அதாவது பிரஷர் பார்க்கும் பட்டை. பிள்ளை வளர்ந்துவிட்டான், கஃப்பை யாரும் மாற்றவில்லை. கஃப் சின்னதாக இருந்தால் பிரஷர் கூடுதலாகத்தான் காட்டும். 2ஆம் நம்பர் போட்டு, அவன் தூங்கியபின், வலது கையில் இரண்டு நிமிடம் விட்டு விட்டு மூன்று தடவை எடுத்தார்: 87, 85, 86. அப்போதும் அதிகம்தான். இந்த மருந்து ரத்தக் குழாய்களை இறுக்கும் என்றார் டாக்டர். இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேன் நன்றாக இருந்தது. பிரஷருக்குத் தனி மருந்தில்லாமலே, கோர்ஸ் முடிந்த மறுவாரம் 70க்கு வந்துவிட்டது.

அலைச்சல் டிஸ்சார்ஜுக்குப் பிறகு. சம்மரியில் ‘ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டது’ என்று ஒரே வரி. எந்த ஸ்டீராய்டு, எத்தனை நாள், பிரஷர் எவ்வளவு ஏறியது என்று எங்கள் ஊர் டாக்டர் கேட்க, நான் முழித்தேன். அவரிடம் இவன் கைக்கு ஏற்ற கஃப்பும் இல்லை. 70 கிலோமீட்டர் பஸ்ஸில் திரும்பிப் போனால் ரெக்கார்டு ரூம் மூன்று மணிக்கே பூட்டு. மறுநாளும் போய்த்தான் வாங்கினேன்.

உங்களுக்கு இந்த அலைச்சல் வேண்டாம். மருந்தின் பெயர், தேதிகள், அதிகபட்ச பிரஷர், கடைசி பிரஷர், கஃப் நம்பர் எல்லாம் சம்மரியில் ஏறாமல் படி இறங்காதீர்கள். டிஜிட்டல் மெஷின் வாங்கிக் காசைக் கரைக்கவும் வேண்டாம். கொழுந்தனார் வாங்கிவந்த மெஷினின் பட்டைக்குள் பிள்ளை முழுசாகவே அடங்குவான்.

போன வாரம் ரிவ்யூவில், வீறிட்டு அழுதுகொண்டிருந்தவனுக்குக் கஃப் கட்ட வந்தார்கள். “தூங்கட்டும் சிஸ்டர், 3ஆம் நம்பர் எடுத்துட்டு வாங்க” என்றேன். ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் எடுத்து வந்தார். 82. இப்போது வளர்ந்துவிட்டவனுக்கு இது சரிதான்.