பிஜி ஏர்வேஸ் பிசினஸ் கிளாஸ்: நாடியிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை

பிசினஸ் கிளாஸில் நெடுந்தூரம் பறப்பது என்றதும் பெரும்பாலோர் வளைகுடா நிறுவனங்களைத்தான் நினைப்பார்கள், அதற்கடுத்து சிங்கப்பூர். அவற்றைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் சிறிய நாடுகளின் தேசிய விமானங்கள் மேல் எனக்கு நெடுநாளாகவே ஒரு தனிப் பிரியம் உண்டு. பிஜியில் ஏறத்தாழ ஒன்பது லட்சம் பேர்தான் வாழ்கிறார்கள். கடல் நடுவே 300க்கும் மேற்பட்ட தீவுகளாகச் சிதறிக் கிடக்கும் நாடு அது. அந்த நாடு தன் பெயர் எழுதிய ஏர்பஸ் ஏ350 விமானத்தை இரவோடு இரவாகப் பசிபிக்கைத் தாண்டி அமெரிக்காவுக்கு அனுப்புகிறது. பிஜியைச் சுற்றிப் பார்த்துவிட்டு லாஸ் ஏஞ்சலஸ் போக வேண்டியிருந்தபோது, அதிலேயே போவது என்று முடிவு செய்தேன்.

டிக்கெட் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2025 ஏப்ரலில் பிஜி ஏர்வேஸ் ஒன்வேர்ல்ட் என்ற விமான நிறுவனக் கூட்டணியின் முழு உறுப்பினராகிவிட்டது. அதனால் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், கான்டாஸ் போன்ற நிறுவனங்களில் பறந்து சேர்த்து வைத்த மைல் புள்ளிகளைக் கொண்டு இதில் பிசினஸ் கிளாஸ் எடுக்கலாம். நானும் அப்படித்தான் எடுத்தேன். எகானமி டிக்கெட் வாங்கிவிட்டு, ஏலம் கேட்டு மேல் வகுப்புக்கு மாறும் வழியும் இருக்கிறது. அதற்கு 'புலா பிட்' என்று பெயர்.

எப்படி எடுத்தாலும், எந்த விமானம் என்று பார்த்துவிட்டு எடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வேன். ஏ350இல் பிசினஸ் கிளாஸ் இருக்கைகள் 33. வரிசைக்கு 1-2-1 என்ற அமைப்பு. இருக்கை முழுத் தட்டையாக விரிந்து படுக்கையாகிவிடும், எல்லாருக்கும் நேராக நடைபாதையில் கால் வைக்க இடம் உண்டு. ஏ330-200இல் இருப்பதோ 24 இருக்கைகள், 2-2-2 அமைப்பு. ஜன்னலோரம் உட்கார்ந்தவர் எழுந்து போக வேண்டுமென்றால் பக்கத்தில் தூங்குபவரைத் தாண்டித்தான் போக வேண்டும். டிக்கெட்டில் இரண்டுக்கும் ஒரே வகுப்புப் பெயர்தான். பதிவு செய்யும் பக்கத்தில் சீட் மேப்பைத் திறந்து, வரிசைக்கு நான்கு இருக்கையா ஆறா என்று எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்னொன்று. உலகத்தில் எந்தச் சிறிய விமான நிறுவனமாக இருந்தாலும் கையில் இருக்கும் பெரிய விமானங்கள் கொஞ்சம்தான். ஒன்று பராமரிப்புக்குப் போனால் மாற்றாக இறக்க இன்னொன்று சும்மா நிற்காது. ஆகவே போய் இறங்கிய அன்றே தனி டிக்கெட்டில் வேறு விமானம் பிடிப்பதுபோலத் திட்டம் போடாதீர்கள். ஒரு நாள் இடைவெளி விட்டால் நிம்மதி.

சரி, பயணத்துக்கு வருகிறேன். பிஜியின் பெரிய தீவு வீட்டி லெவு. அதன் மேற்குக் கரையில் இருக்கிறது நாடி. லாஸ் ஏஞ்சலஸ் விமானம் இரவில் கிளம்புகிறது. நாடியின் பிரீமியர் லவுஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எதிரில் ஒரு வயதான அம்மா, ஓய்வுபெற்ற ஆசிரியை, கலிபோர்னியாவில் பேரக்குழந்தைகளைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார். டிக்கெட் மகன் எடுத்துக் கொடுத்ததாம். நான் தமிழ் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய தாத்தா வட ஆற்காட்டிலிருந்து கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலியாக வந்தவர். பிஜிக்குக் கூலியாட்களை ஏற்றிய முதல் கப்பல் 1879இல் வந்தது, ஆனால் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஆட்கள் வரத் தொடங்கியது 1903இல்தான். 1916 வரை மொத்தம் அறுபதாயிரம் பேருக்கு மேல் கொண்டுவரப்பட்டார்கள்.

அந்த அம்மாவுக்குத் தமிழ் கொஞ்சம் புரியும், பேச வராது. ஆங்கிலமும் பிஜி இந்தியும் கலந்துதான் பேசினார். என்னை "பேட்டா" என்று கூப்பிட்டார். அவர் வேலை பார்த்தது சங்கம் பள்ளி ஒன்றில். 1926இல் பிஜித் தமிழர்களும் மற்றத் தென்னிந்தியர்களும் சேர்ந்து தொடங்கிய சங்கம் அது, இன்றைக்கும் பள்ளிக்கூடங்கள் நடத்துகிறது. இந்த அம்மாவைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் விமானத்துக்குள் ஏறிய பிறகு நடந்த ஒரு சங்கதி.

கதவருகே "புலா" என்று வரவேற்றார்கள். பிஜியில் எங்கே போனாலும் காதில் விழும் வணக்கம்தான், ஆனால் இவர்கள் சொல்லும்போது அது மனப்பாடம் செய்த வரியாகத் தோன்றவில்லை. எனக்குப் பின்னால் வந்த ஆசிரியையைப் பார்த்ததும் தலைமைப் பணிப்பெண் அப்படியே நின்றுவிட்டார். அடுத்த கணம் "மேடம்!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவர் இந்த அம்மாவிடம் படித்த மாணவி! பிஜியின் பூர்வகுடியைச் சேர்ந்தவர், படித்தது சங்கம் பள்ளியில். ஆசிரியை உட்கார்ந்த பிறகு அவர் இருக்கைக்குப் பக்கத்தில் மண்டியிட்டுப் பிஜி இந்தியில் பேசினார். மூத்தவர் உட்கார்ந்திருக்கும்போது நின்றபடி அவரைக் குனிந்து பார்த்துப் பேசுவது அவர்கள் வழக்கத்தில் மரியாதை இல்லை. எந்தப் பயிற்சி வகுப்பும் அந்த மண்டியிடலைச் சொல்லிக் கொடுத்திருக்காது. சிறிய நாட்டின் விமானத்தை நான் தேடிப் போய் ஏறுவது இதற்காகத்தான். பரிமாறுபவரும் சாப்பிடுபவரும் ஒரே ஊர்க்காரர்களாக இருப்பார்கள். அந்த உறவின் இதம் வெளியூரிலிருந்து வந்த நமக்கும் கொஞ்சம் கிடைக்கும்.

இருக்கையைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் 'சின்ன நாட்டு விமானம்தானே, சீட் எப்படி இருக்குமோ' என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. இது காலின்ஸ் நிறுவனத்தின் சூப்பர் டயமண்ட். கத்தார் ஏர்வேஸ், ஏர் கனடா விமானங்களிலும் இதே வகை இருக்கைகள் உண்டு. ஜன்னலோர இருக்கைகள் நடைபாதைக்கு முதுகைக் காட்டி, ஜன்னல் பக்கமாகச் சாய்வாகத் திரும்பியிருக்கும். தனியாகப் போகிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. தலையைத் திருப்பாமலே வானத்தைப் பார்க்கலாம். தம்பதிகள் என்றால் நடு இரட்டை இருக்கைகளை எடுக்கலாம், இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்திருக்கும். உயரமானவர்கள் முதல் வரிசை கிடைக்கிறதா என்று பாருங்கள். மற்ற வரிசைகளில் முன் இருக்கையின் பக்கவாட்டில் இருக்கும் குழிக்குள் கால்களை நுழைக்க வேண்டும், முதல் வரிசையில் அந்த இடம் அகலம். இழுத்து மூடும் கதவு இந்த இருக்கைக்கு இல்லை. எனக்கு அது தேவைப்படவும் இல்லை, தோள் உயரத்துக்கு நிற்கும் ஓடு போன்ற மறைப்பே போதுமான தனிமையைத் தந்தது.

உள்ளே எங்கும் மாசி ஓவியத்தின் கோலங்கள். மாசி என்பது ஒரு வகை முசுக்கட்டை மரத்தின் பட்டையை அடித்துத் துணிபோல ஆக்கி, அதில் பழுப்பு வண்ணத்தில் வடிவங்கள் அச்சிடும் பிஜியின் கலை. விமானத்தின் வாலில் இருக்கும் சின்னத்தை வரைந்தவர் மகெரெட்டா மடேமோசி என்ற பிஜி மாசிக் கலைஞர். 1971 முதல் 'ஏர் பசிபிக்' என்று ஓடிக்கொண்டிருந்த நிறுவனம் 2013இல் 'பிஜி ஏர்வேஸ்' என்ற தன் பழைய பெயருக்குத் திரும்பியபோது இந்தக் கோலமும் சேர்ந்து வந்தது. உலகின் எத்தனையோ விமானங்களின் வாலில் யாரோ ஒரு விளம்பர நிறுவனம் இழுத்த கோடுகளைப் பார்க்கிறோம். இது அந்த மண்ணின் கையெழுத்து. ஓடுதளத்தில் வரிசையாக நிற்கும் விமானங்களில் இதைக் கண்டுபிடிக்க யாருக்கும் பெயர்ப் பலகை வேண்டியதில்லை.

நிறுவனத்தின் கதையும் சுவையானது. இதைத் தொடங்கியவர் ஹரால்ட் கேட்டி, டாஸ்மேனியாவில் பிறந்தவர், விமானத்துக்குத் திசை கணித்துச் சொல்லும் வல்லுநர். 1931இல் வைலி போஸ்ட் என்ற அமெரிக்க விமானியோடு சேர்ந்து, ஒற்றை எஞ்சின் விமானத்தில் ஒன்பது நாளுக்குள் உலகைச் சுற்றி வந்தவர். கடற்பறவைகளையும் அலைகளையும் பார்த்துத் திசை அறியும் பசிபிக் மாலுமிகளின் அறிவில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். அப்படிப்பட்ட மனிதர் பிஜியில் குடியேறித் தொடங்கிய நிறுவனம், 1951 செப்டம்பரில் ஒரு சிறிய டிராகன் ரபீட் விமானத்தோடு பறக்க ஆரம்பித்தது. இன்று பெரும்பங்கு பிஜி அரசிடம் இருக்கிறது, ஏறத்தாழ 46 சதவீதம் கான்டாஸிடம். கிரிபட்டி, டோங்கா, சமோவா, நவ்ரு ஆகிய அண்டைத் தீவு நாடுகளுக்கும் இதில் சிறு சிறு பங்குகள் உண்டு. அந்த நாடுகளுக்கெல்லாம் இது வெளியுலகத்துக்குப் போகும் ஒரு வாசல்.

இரவு விமானம் என்பதால் சாப்பாட்டில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன். கொகோடா வந்ததும் எண்ணம் மாறியது. பச்சை மீன் துண்டுகளை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து, தேங்காய்ப்பால், வெங்காயம், மிளகாய், தக்காளி சேர்த்துச் செய்யும் பிஜி உணவு அது. அடுப்பே வேண்டாம், புளிப்பிலேயே மீன் பதப்பட்டுவிடும். விமானத்தில் சூடுபடுத்திப் பரிமாறும் எதையும்விட, குளிர்ச்சியாகவே தின்ன வேண்டிய இந்த மாதிரி உணவுதான் பறக்கும் உயரத்தில் ருசியை இழக்காமல் இருக்கிறது. எந்த நிறுவனத்தில் போனாலும் அந்த நாட்டுச் சாப்பாட்டைக் கேளுங்கள். சைவ உணவு வேண்டுமென்றால் மட்டும் முன்கூட்டியே பதிந்துவிடுங்கள். ஆசிரியை அப்படிப் பதிந்திருந்த தட்டில் பருப்பும் ரொட்டியும் காய்கறிக் குழம்புமாக இருந்ததைப் பார்த்தபோது அதுவும் நல்ல தேர்வு என்று தோன்றியது.

அப்புறம் தூக்கம். மெத்தை விரிப்பு, தலையணை, கனமான போர்வை எல்லாம் கிடைத்தன. ஆனால் நல்ல தூக்கத்துக்குப் பாதிக் காரணம் விமானமே. ஏ350இல் அறைக்குள் காற்றழுத்தம் 6,000 அடி உயரத்து மலையில் இருப்பது போன்ற அளவில் வைக்கப்படுகிறது, பழைய வகை விமானங்களில் அது 8,000 அடி வரை போகும். காற்றில் ஈரப்பதமும் கூடுதல், எஞ்சின் சத்தமும் குறைவு. இறங்கும்போது தொண்டை வறட்சியும் தலைப்பாரமும் இல்லை. நீண்ட பயணத்தில் இதற்கு ஈடான ஆடம்பரம் வேறு இல்லை என்பேன்.

நடு இரவில் விழித்துக்கொண்டு தேநீர் கேட்டு எழுந்து போனேன். வரைபடத்தில் நிலநடுக்கோட்டைத் தாண்டியிருந்தோம். கிரிபட்டியின் கிறிஸ்துமஸ் தீவு எங்கோ வலப்பக்கம் இருந்தது. பாதை முழுக்க நீர்தான், மொத்தம் ஏறத்தாழ 8,900 கிலோமீட்டர். தேநீர் கொடுத்த இளைஞர் பிஜியின் டவெயுனி தீவுக்காரர். கொரோனா காலத்தில் சுற்றுலா முழுவதுமாக நின்றுபோனதால் நிறுவனம் பாதிக்கும் மேற்பட்ட ஊழியர்களை விட வேண்டி வந்தது, அவர்களில் இவரும் ஒருவர். ஊருக்குத் திரும்பி அப்பாவோடு சேர்ந்து சேப்பங்கிழங்கு பயிரிட்டாராம். 2021 டிசம்பர் 1ஆம் தேதி பிஜி மீண்டும் கதவைத் திறந்தபோது சிட்னியிலிருந்து முதல் விமானம் வந்து இறங்கியதைப் பற்றிச் சொல்லும்போது குரல் மாறியது. பணிப்பெண்கள், விமானிகள் மட்டுமல்ல, டாக்ஸிக்காரர், ஹோட்டல் சமையல்காரர், பூ விற்பவர் என்று எல்லார் பிழைப்பும் அந்த ஒரு விமானத்தில் தொற்றிக்கொண்டு வந்தது என்றார். அவர் மிகைப்படுத்தவில்லை, அந்த நாட்டின் பொருளாதாரத்தில் சுற்றுலாவின் பங்கு அவ்வளவு பெரியது.

காலையில் பழமும் முட்டையும் காபியுமாக எளிய சிற்றுண்டி. இறங்குவதற்கு முன் தலைமைப் பணிப்பெண் ஆசிரியையிடம் வந்து பாஸ்போர்ட்டும் கண்ணாடியும் பத்திரமாக இருக்கிறதா என்று சரிபார்த்தார். சக்கர நாற்காலி வருகிறதா என்று கேட்டு உறுதி செய்துகொண்டார். எனக்கும் இன்முகமாக விடை சொன்னார்.

கடைசியாகத் தேதிக் கணக்கு. இந்தப் பாதை சர்வதேசத் தேதிக் கோட்டைத் தாண்டுகிறது. வெள்ளி இரவு பத்து மணிக்கு நாடியில் ஏறினால், பத்து மணி நேரத்துக்கும் மேல் பறந்து, அதே வெள்ளிக்கிழமை பகலில் லாஸ் ஏஞ்சலஸில் இறங்குவீர்கள். ஹோட்டல் அறை பெரும்பாலும் மதியம் மூன்று மணிக்குத்தான் தருவார்கள் என்பதால் இது வசதியான நேரம், முந்தைய இரவுக்கும் சேர்த்து அறை எடுக்க வேண்டியதில்லை. திரும்பும்போது கணக்கு தலைகீழ். வெள்ளி நள்ளிரவை ஒட்டி லாஸ் ஏஞ்சலஸில் ஏறினால் நாடியில் இறங்குவது ஞாயிறு அதிகாலை. இடையில் சனிக்கிழமை உங்களுக்கு இல்லவே இல்லை. பிஜியில் அறையோ படகோ பதிவு செய்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைத் தேதியைப் போடுங்கள். விடியும் முன்பே அறைக்குள் போய்ப் படுக்க வேண்டுமென்றால் சனி இரவுக்கும் சேர்த்துப் பதிய வேண்டும்.