இடைக்காட்டூருக்கு அம்மாவோடு

மதுரையிலிருந்து ராமேசுவரம் சாலையில் திருப்புவனம் தாண்டி முத்தனேந்தலில் திரும்பினால் இடைக்காட்டூர், மொத்தம் 36 கிலோமீட்டர் இருக்கும். இடைக்காட்டுச் சித்தர் ஊர் என்றும் சொல்வார்கள். வைகைக் கரையில், சுற்றிலும் வயல், நடுவில் திரு இருதய ஆண்டவர் ஆலயம். பிரான்சில் ரீம்ஸ் நகரத்துப் பேராலயத்தின் மாதிரியில் பெர்டினாந்து செல் என்ற பிரெஞ்சு சாமியார் 1894இல் கட்டியது. அச்சில் வார்த்த விதவிதமான செங்கற்களைப் பார்த்துக்கொண்டே நின்றால் பூசைக்கு லேட்டாகிவிடும், எங்களுக்கு ஆகிவிட்டது.

அம்மாவுக்கு ஒரு நேர்த்திக்கடன். என்னவென்று சொல்லவில்லை, ஆனால் சித்தி விஷயம் என்று எனக்குத் தெரியும். இருவரும் பேசி வருஷக்கணக்காகிறது. "அவளை நான் எப்பவோ மன்னிச்சுட்டேன், ஆனா அவ வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்" என்பது அம்மாவின் நிரந்தர வசனம். நம் ஊரில் பாதி மன்னிப்பு இப்படித்தான் இருக்கிறது.

பூசையில் சமாதானம் பகிரும் நேரம் வந்ததும் எல்லாரும் முன்னால் பின்னால் திரும்பிக் கைகூப்பினோம். அம்மா பக்கத்து பெஞ்சு முழுக்க, யாரென்றே தெரியாதவர்களுக்கெல்லாம், சிரித்துக்கொண்டே கைகூப்பினார். தெரியாதவர்களோடு சமாதானமாக இருப்பதில் என்ன கஷ்டம்? எனக்கு அப்போது பைபிளில் மத்தேயு நற்செய்தி 5ஆம் அதிகாரம்தான் ஞாபகம் வந்தது. பலிபீடத்தில் காணிக்கை வைக்கும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு என்கிறார் இயேசு. உனக்கு அவன்மேல் என்ன வருத்தம் என்று அவர் கேட்கவே இல்லை, அவனுக்கு உன்மேல் என்ன வருத்தம் என்பதுதான் பேச்சு. அதுவும் இதைச் சொன்னது கலிலேயாவில், பலிபீடமோ எருசலேமில். 100 கிலோமீட்டருக்கு மேல், பல நாள் நடந்து வந்த ஆளைப் பார்த்து, ஆட்டையோ புறாவையோ விட்டுவிட்டுத் திரும்பிப் போ என்கிறார். நமக்குச் சித்தி வீடு ஆரப்பாளையம், ஒரு டவுன் பஸ் தூரம்.

ரீம்ஸ் பற்றியும் சொல்லவேண்டும். இடைக்காட்டூருக்கு மாதிரியாக இருந்த அந்தப் பேராலயம் 1914 செப்டம்பரில் ஜெர்மன் குண்டுவீச்சில் தீப்பிடித்து எரிந்தது. அதே ஆலயத்தில் 1962 ஜூலை 8ஆம் தேதி பிரெஞ்சு அதிபர் டி கோலும் ஜெர்மன் பிரதமர் அடினாவரும் சேர்ந்து பூசை கண்டார்கள். நடுவில் இன்னொரு உலகப்போர் வேறு முடிந்திருந்தது. எரித்த நாட்டின் தலைவர் எரிந்த இடத்துக்கு வந்தார், எரிந்த நாட்டுக்காரர் பக்கத்தில் இடம் கொடுத்தார். இந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் பிரசங்கங்களில் பெரும்பாலும் அடிபட்டவரைத்தான், அதிலும் பெண்களைத்தான், நீயே விட்டுக்கொடு, நீயே போய்ப் பேசு என்கிறோம். குடித்துவிட்டு அடிக்கிற புருஷனை மன்னிப்பது வேறு, அவன் திருந்தாமலே அவன் வீட்டுக்குத் திரும்பிப் போவது வேறு. பைபிளின் ஆதியாகமத்தில் வரும் யோசேப்பைப் பாருங்கள், 20 வெள்ளிக்காசுக்குத் தன்னை விற்ற அண்ணன்மார் எதிரில் வந்து நின்றதும் அவர் கட்டிப்பிடித்துவிடவில்லை. தம்பி பென்யமின் சாக்கில் வெள்ளிக் கிண்ணத்தை வைத்துச் சோதித்தார். தம்பிக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று அண்ணன்மாரில் ஒருவரான யூதா சொன்ன பிறகுதான் அவர்கள் முன்னால் வாய்விட்டு அழுதார், நான் யோசேப்பு என்றார்.

வெளியே வந்து மரத்தடியில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தபோது கேட்டுவிட்டேன்: "அம்மா, சித்திக்கு உன்மேல என்ன வருத்தம்?"

தெரியாது என்பார் என்று நினைத்தேன். அம்மாவோ கொஞ்சம்கூட யோசிக்காமல், "பாட்டி நகையப் பிரிச்சப்ப அவளுக்குச் சொல்லி அனுப்பல. அந்த ரெட்டைவட வளையல் அவளுக்குன்னு பாட்டி சொல்லியிருந்தாங்க, அது நம்ம பீரோவுல இருக்கு" என்றார். இத்தனை வருஷமும் அந்த வளையல் பீரோவில் இருந்திருக்கிறது, மன்னிப்பு மட்டும் தாராளமாக நடந்திருக்கிறது!

அப்புறம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து அம்மாவே வளையலைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "ஆரப்பாளையம் போலாமா?" என்றார். சித்தி வாசலில் கொஞ்ச நேரம் நிற்க வைத்தார், பிறகு உள்ளே கூப்பிட்டார். வளையலை வாங்கிக்கொண்டார், காபி கொடுத்தார், மத்தியானம் ஆகியும் சாப்பிடச் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது அம்மாவுக்கு அதுவே ஒரு குறை. "ஒரு வாய் சாப்பிடுன்னு சொல்லல பாரு" என்றார். முதல் தடவைக்குக் காபியே பெரிசு என்றேன் நான், கிறிஸ்துமஸுக்கு அவர்களைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று இன்னும் வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம்.