கரப்பானுக்கு லைட் தெரபி: வாரம் மூன்று நாள் போக முடியுமா?

களிம்பு போட்டால் அடங்கும், விட்டால் திரும்பும், உடம்பெங்கும் பரவியும் இருக்கும். இப்படி நாள்பட்ட கரப்பானுக்குத்தான் (எக்ஸிமா என்ற தோல் அழற்சிக்கு) லைட் தெரபி. ஆனால் அதற்கு முன்னால், களிம்பைப் போதிய அளவு போட்டீர்களா என்று பாருங்கள். ட்யூபிலிருந்து ஆள்காட்டி விரலின் முதல் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் சுமார் அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத்துக்கே அது போதும். பலர் அதை ஒரு கால் முழுக்க இழுத்துத் தடவிவிட்டு மருந்து கேட்கவில்லை என்கிறார்கள்.

இப்போது அதிகம் கொடுப்பது நேரோபேண்ட் யூவிபி, 311 நானோமீட்டரை ஒட்டிய புற ஊதாக் கதிர். தோலில் அழற்சியைக் கிளப்பும் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களை அது அடக்கும். ஆன்லைனில் விற்கும் சிவப்பு எல்இடி விளக்கு வேறு சமாச்சாரம். வாரம் இரண்டு மூன்று தடவை, மொத்தம் 20 முதல் 30 தடவை போக வேண்டியிருக்கும். குறைந்த கதிர் அளவில் தொடங்கி, ஒவ்வொரு தடவையும் 10–20 சதவீதம் கூட்டுவார்கள். ஒரு வாரத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால் அளவைக் குறைக்க வேண்டும். ஒரு மாதம் விட்டால் மறுபடி முதலிலிருந்துதான். வர முடியாது என்று தெரிந்தால் தொடங்காமலிருப்பதே மேல்.

கதிர் கூடிப்போனால் தோல் சிவக்கும், ஆனால் நம் நிறத்தில் அந்தச் சிவப்பு சட்டென்று தெரியாது. அதனால் மறுநாள் எரிச்சலோ வலியோ இருந்தால் டெக்னீஷியனிடம் நீங்களாகச் சொல்லுங்கள். சொல்லாமல் அளவைக் கூட்டும்போதுதான் தோல் வெந்துபோகிறது. போகுமுன் வாஸ்லைனைத் தடிமனாகப் பூசினால் கதிர் உள்ளே இறங்காது. முடிந்த பிறகு பூசுங்கள். கண்ணுக்குப் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி, ஆண்களுக்குப் பிறப்புறுப்பு மறைப்பு கட்டாயம். எல்லாத் தடவையும் ஒரே அளவு மறைக்கும் உள்ளாடை போடுங்கள். புதிதாக வெளியே தெரியும் இடம் அன்றைய முழு அளவைத் தாங்காது. தோல் கறுக்கும், நிறுத்தினால் மெல்ல மாறும்.

கார்போகரிசி எண்ணெய் பூசுபவர்கள் அவசியம் சொல்லிவிடுங்கள். அதில் சோராலென் இருக்கிறது, வெளிச்சம் பட்டால் கொப்புளம் கிளம்பலாம். நோய் எதிர்ப்பைக் குறைக்கும் சைக்ளோஸ்போரின், அசதயோப்ரின் மருந்துகளைச் சாப்பிடும்போது இந்தச் சிகிச்சை வேண்டாம்; தோல் புற்றுநோய் அபாயம் கூடும்.

லைட்டும் கேட்காவிட்டால் டுபிலுமாப் ஊசி உண்டு: பெரியவர்களுக்கு முதலில் 600 மில்லிகிராம், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 300. சிலருக்குக் கண் சிவந்து உறுத்தும், விலையும் அதிகம். மலிவானது மெத்தோட்ரெக்சேட் மாத்திரை, ஆனால் வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான். தினமும் விழுங்கினால் ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று டாக்டரிடம் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.