இறந்த மகள்மேல் எஃப்.ஐ.ஆர்

என் மகள் இறந்த விபத்து வழக்கில் குற்றவாளி என் மகள்தான் என்று போலீஸ் எழுதி, வழக்கையும் முடித்திருந்தது. காரியமெல்லாம் முடிந்து இழப்பீட்டுக்காக வக்கீலைப் பார்க்கப் போன இடத்தில்தான் எங்களுக்கு இது தெரிந்தது. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் விபத்து வழக்கு ஆவணங்களைப் பணம் கட்டி இறக்கிக்கொள்ளலாம். அவர் எடுத்துக் கொடுத்த காகிதங்களில், குற்றம் சாட்டப்பட்டவர் என்ற கட்டத்தில் அவள் பெயர் இருந்தது.

புகார் கொடுத்தது லாரியின் கிளீனர். ஸ்கூட்டரில் வேகமாக வந்த பெண் லாரியை இடப்பக்கமாக முந்தப் பார்த்தார், தானாகச் சறுக்கி விழுந்தார், பின்சக்கரத்தில் சிக்கினார். அவ்வளவுதான் கதை. பிரிவுகள், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 106(1). முதலாவது, தாறுமாறாக வண்டி ஓட்டுவது. இரண்டாவது, அஜாக்கிரதையால் மரணம் விளைவிப்பது. பழைய தண்டனைச் சட்டத்தின் 304ஏ-யில் அதிகபட்சம் 2 ஆண்டு இருந்த தண்டனை இதில் 5 ஆண்டு. செத்ததும் அவள், சாகடித்ததும் அவள். குற்றம் சாட்டப்பட்டவர் உயிரோடு இல்லாததால் வழக்கு அற்றுப்போனது என்று இறுதி அறிக்கை. 'சார்ஜ் அபேட்டட்' என்று சொல்கிறார்கள்.

வழக்கை முடித்தால் புகார்தாரருக்கு ஆர்.சி.எஸ் நோட்டீஸ், அதாவது வழக்கை முடித்துவிட்டோம் என்ற அறிவிப்பு, போகும். இங்கே புகார்தாரர் கிளீனர். எங்கள் வீட்டுக்கு எப்படி வரும்? புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ், 193வது பிரிவில், விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ தெரிவிக்கச் சொல்கிறது. பாதிக்கப்பட்டவர் என்றால் வாரிசும் அதில் சேர்த்தி. எங்களுக்கு ஒரு குறுஞ்செய்திகூட வரவில்லை.

ஸ்டேஷனுக்குப் போனோம். எஸ்.ஐ. மரியாதையாகத்தான் பேசினார், நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். "அம்மா, கேஸை இழுத்து என்ன ஆகப் போகுது? போன உயிர் வருமா?" என்றார். அப்புறம் எல்லோரும் கேட்கும் கேள்வி: ஹெல்மெட் போட்டிருந்தாளா? போட்டிருந்தாள். உடைந்த ஹெல்மெட்டை ஆஸ்பத்திரியில் துணிகளோடு சேர்த்து எங்கள் கையில்தான் கொடுத்தார்கள். விபத்து நடந்த இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் பார்வை மகஜரில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அன்று என் கணவர் கத்திவிட்டார். கத்தியதால் ஒன்றும் நடக்கவில்லை, அதனால் கெட்டும் போகவில்லை.

பிறகு காகிதங்களைப் படிக்க உட்கார்ந்தோம். இதே நிலைமையில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இந்த இடத்தைத்தான். எஃப்.ஐ.ஆரை எல்லோரும் படிப்பார்கள், படித்து அழுவார்கள். மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையை யாரும் புரட்டுவதில்லை. "விபத்து இயந்திரக் கோளாறால் ஏற்பட்டதல்ல" என்ற கடைசி வரியைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். அதற்கு மேலே, ஒவ்வொரு வண்டியிலும் எங்கெங்கே சேதம் என்று எழுதியிருக்கும். எங்களுக்குக் கிடைத்ததில், ஸ்கூட்டரின் பின்பக்க நம்பர் பிளேட் மடங்கியிருந்தது, டெயில் லாம்ப் உடைந்திருந்தது, பின் மட்கார்டு உள்ளே போயிருந்தது. லாரியில் முன் பம்பரின் இடது மூலையில் புதிய கீறல். லாரிக்குப் பின்னாலிருந்து வந்து பக்கவாட்டில் சறுக்கி விழுந்த வண்டிக்குப் பின்பக்கம் எப்படி உடையும்? பின்சக்கரத்தில் சிக்கினாள் என்றால் லாரியின் முன் பம்பருக்கு அங்கே என்ன வேலை? இதை எழுதியது அரசாங்க அதிகாரி. விசாரணை அதிகாரி அதை வழக்குக் கட்டில் சேர்த்தே வைத்திருந்தார், படித்ததாகத் தெரியவில்லை.

விபத்து நடந்த இடத்தைப் போலீஸ் வரைந்து வைக்கும் ரஃப் ஸ்கெட்சில் பிரேக் தடம் எதுவும் காட்டப்படவில்லை. இல்லாததால் காட்டவில்லையா, பார்க்காததால் காட்டவில்லையா, அதையும் கேள்வியாக எழுதிக்கொண்டோம்.

கேமரா விஷயத்தில் கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தது. சிசிடிவி பதிவு பல இடங்களில் சில வாரங்களில் தானாக அழிந்துவிடும். விபத்து நடந்த இடத்துக்கு வரும் வழியில் ஒரு பெட்ரோல் பங்க். என் தம்பி துக்கம் நடந்த வாரமே அங்கே போய்க் கேட்டு பென் டிரைவில் வாங்கி வைத்திருந்தான். போலீஸ் யாரும் வந்து கேட்கவில்லை என்றார் மேனேஜர். மோதல் அதில் இல்லை. ஆனால் ஸ்கூட்டர் முதலில் போகிறது, லாரி பின்னால் வருகிறது. டிஜிட்டல் பதிவு சாட்சியமாக ஏற்கப்பட, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63(4) பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். மேனேஜர் முதலில் கையெழுத்துப் போடத் தயங்கினார். கோர்ட்டுக்கு இழுப்பார்களோ என்ற பயம். அவரைக் குறை சொல்ல முடியாது.

எஸ்.பி. அலுவலகத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கினோம். முதல் மனுவில் எங்கள் துயரத்தைப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன்; வக்கீல் அதை மடித்து வைத்துவிட்டு கேள்விகளை மட்டும் வரிசையாக எழுதினார். டிரைவரின் செல்போன் அழைப்பு விவரம் எடுக்கப்பட்டதா? லாரியின் முன் பம்பர் சேதத்துக்கு விளக்கம் என்ன? கிளீனரைத் தவிர வேறு சாட்சி யார்? பதில் வரவில்லை.

அதன் பிறகுதான் போலீஸின் இறுதி அறிக்கையை ஏற்கக் கூடாது என்று மாஜிஸ்திரேட் கோர்ட்டில் எதிர்ப்பு மனு, அதாவது புரொட்டஸ்ட் பெட்டிஷன். புகார் கொடுக்காத பெற்றோருக்கு இதில் என்ன உரிமை என்று எதிர்த்தரப்பு கேட்டது. 1985-இல் பகவந்த் சிங் வழக்கில், இறந்தவரின் உறவினர் கோர்ட்டுக்கு வந்தால் அவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வக்கீல் அதைக் காட்டினார். வாய்தாமேல் வாய்தா. ஒருவழியாக பி.என்.எஸ்.எஸ் 193(9) பிரிவில் மேல் விசாரணைக்கு உத்தரவு வந்தது. வழக்கை வேறு ஏஜென்சிக்கு மாற்ற மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் இல்லை, அதற்கு ஹைகோர்ட் போக வேண்டும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. எஸ்.பி. வேறு இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தார். அவர் பங்க் மேனேஜரிடம் வாக்குமூலம் வாங்கினார், கிளீனரை மறுபடி விசாரித்தார். டிரைவர்மேல் குற்றப்பத்திரிகை தாக்கலானது.

இதற்கிடையே இழப்பீட்டு மனுவையும் போட்டுவிட்டோம். மோட்டார் வாகனச் சட்டம் 166(3)-இல் 6 மாதம் என்று கெடு இருக்கிறது. குற்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தால் தாண்டிவிடும். பணத்துக்காகத்தான் இத்தனையும் என்று சொந்தத்திலேயே பேசினார்கள். பேசட்டும். தவறு முழுக்க இறந்தவருடையது என்றால் அந்த மனுவே நிற்காது என்பது லாரி முதலாளிக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

இப்போது சாட்சி விசாரணை நடக்கிறது. வழக்கை நடத்துவது அரசு வக்கீல். அவருக்கு உதவியாக எங்கள் வக்கீலும் இருக்க கோர்ட் அனுமதி கேட்டு வாங்கியிருக்கிறோம், பி.என்.எஸ்.எஸ் 18வது பிரிவில் அதற்கு இடம் உண்டு. அடுத்த வாய்தாவில் மோட்டார் வாகன ஆய்வாளர் கூண்டேறுகிறார். டெயில் லாம்ப் பற்றி அவரிடம் கேட்க வேண்டியதை எழுதி அரசு வக்கீலிடம் கொடுத்திருக்கிறோம்.