திரும்பும்போதுதான்

“நான் பார்த்து அனுப்பியபோது வண்டியில் ஒரு கோளாறும் இல்லை.” வேன் முதலாளி தொலைபேசியில் கேட்டதற்கு நான் சொன்ன பதில் இவ்வளவுதான். ஐந்து மாதமாக இந்த ஒரு வரியைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். பொய் என்று எந்த முனையிலும் பிடிபடவில்லை.

ஓட்டுநர் பையன் வண்டியைக் கொண்டுவந்தது அதற்கு ஒன்பது நாள் முன்பு. “அண்ணாச்சி, வண்டி இடப்பக்கம் இழுக்கிறது” என்றான். செங்கோட்டைப் பட்டறைகளில் வாரம் நான்கு முறை கேட்கிற புகார் இது. மலைக்கு அந்தப்பக்கத்து ஓட்டுநர்கள் ‘இடத்தோட்டு வலிக்குந்நு’ என்பார்கள். தொழிலுக்கு வந்த புதிதில், வண்டிக்கு எங்கோ வலிக்கிறது என்று சொல்வதாகவே என் காதில் விழும். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர்தான் இது. ஆனாலும் என் மலையாளம் அவ்வளவுதான்.

இப்படி யார் வந்து சொன்னாலும் நான் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: ஓடும்போது இழுக்கிறதா, பிரேக் பிடிக்கும்போது இழுக்கிறதா? ஓடும்போது என்றால் டயர், அலைன்மென்ட், காற்று. பிரேக் பிடிக்கும்போது என்றால் பிரேக். பாதி நோய் அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் கேட்ட கேள்வி. இருபத்திரண்டு வருடமாக நானும் கேட்கிறேன். அவன் இரண்டையும் சொல்லவில்லை.

“திரும்பும்போதுதான் அண்ணாச்சி.”

“வளைவிலா?”

“வளைவில் இல்லை. புனலூரில் காய்கறியை இறக்கிவிட்டு ஊருக்குத் திரும்பும்போது. காலையில் போகும்போது ஒன்றும் தெரிவதில்லை.”

சிரித்துவிட்டேன். வண்டிக்குப் போகிற வழி, வருகிற வழி தெரியுமா, தம்பி? அவனும் கூடச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவன் அதை வற்புறுத்திச் சொல்லவில்லை என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

என் வேலையில் குறை இருந்ததாக இன்றுவரை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நான்கு டயரிலும் காற்று அளந்தேன், சரியாக இருந்தது. ஜாக்கி போட்டுத் தூக்கி, பால் ஜாயின்ட், டை ராட் முனை, பேரிங் எல்லாவற்றையும் ஆட்டிப் பார்த்தேன். அலைன்மென்ட் தாள் கையோடு கொண்டுவந்திருந்தான், தென்காசியில் இரண்டு வாரத்துக்கு முன்பு எடுத்தது. சக்கரத்தின் சாய்வைச் சொல்கிற கேம்பர் கூடின பக்கமும், ஸ்டீரிங் அச்சின் சாய்வைச் சொல்கிற காஸ்டர் குறைந்த பக்கமும் வண்டி சாயும்; அந்தத் தாளில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே எண்கள். தென்காசி சாலையில் ஓட்டிப் பார்த்தேன். ஸ்டீரிங்கைத் தளர்த்தினால் மெல்ல இடப்பக்கம் நகர்ந்தது. பிரேக் மிதித்தால் நேராக நின்றது.

பிறகு முன்சக்கரங்கள் இரண்டையும் கழற்றி இடம் மாற்றி மாட்டி, மறுபடியும் ஓட்டினேன். இப்போது வலப்பக்கம் இழுத்தது. டயரோடு சேர்ந்து இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயரில்தான். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே கம்பிப் பட்டை ஒருபக்கமாக ஒதுங்கியிருக்கும், உருளும்போது கூம்பைப் போல ஒரு பக்கம் ஒதுங்கும். அந்த டயரைப் பின்னால் போட்டேன். இழுப்பு நின்றது.

அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஐம்பது வேகத்தில் ஸ்டீரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துக் காட்டினேன். தேவையில்லாத வித்தைதான். வண்டி கயிறு பிடித்ததுபோல் நேராகப் போனது. “சரியாகிவிட்டது அண்ணாச்சி” என்றான். சற்று நேரம் கழித்து, “ஆனால் திரும்பும்போதுதான்...” என்று தொடங்கினான். நான் முடிக்க விடவில்லை. தண்ணீர் வடிவதற்காகச் சாலையே ஓரத்தைப் பார்த்து மீட்டருக்கு இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் சரிந்துதான் கிடக்கும், இடப்பக்கம் ஓட்டுகிற நாட்டில் எல்லா வண்டியும் கொஞ்சம் இடப்பக்கம்தான் சாயும், வெறும் வண்டியில் அது கூடுதலாகத் தெரியும் என்று விளக்கினேன். விளக்கம் சரியானதுதான். அதுதான் தொந்தரவே.

பிரேக்கைப் பற்றி நான் நினைக்காமல் இல்லை. நினைத்தேன், தள்ளினேன். பிரேக் என்றால், புனலூர் போகிற வழியில் ஆரியங்காவு தாண்டித் தென்மலைக்கு இறங்கும்போது, அதுவும் லோடோடு, இழுத்திருக்க வேண்டுமே? போகும்போது ஒன்றுமில்லை என்றுதானே சொல்கிறான்? அன்றைக்கு இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. விடியற்காலைக் குளிரில் அது நீளமான, மெல்லிய இறக்கம் என்பதையும், திரும்பும்போது கோட்டைவாசல் தாண்டி எஸ் வளைவில் உச்சி வெயிலில் மிதித்து விட்டு, மிதித்து விட்டு இறங்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்திருந்தால்? பார்த்திருக்கலாம். அந்தச் சாலையில் எத்தனை முறை போயிருக்கிறேன்!

முதலாளியின் தொலைபேசி வந்தபோது ஒரு கியர்பாக்ஸ் என் மடியில் இருந்தது. வேன் எஸ் வளைவுக்கு மேலே இடப்பக்கச் சுவரில் உரசி, முன்சக்கரம் வடிகாலில் இறங்கி நிற்கிறதாம். பையனுக்கு மணிக்கட்டில் அடி. “வண்டி தானாக இழுத்தது என்கிறான். விடிய மூன்று மணிக்குக் கிளம்புகிறவன், தூங்கியிருப்பான். நீங்கள்தானே பார்த்தீர்கள், கோளாறு ஏதாவது இருந்ததா?”

நான் மேலே எழுதிய வரியைச் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை. கேட்ட வேகத்தில் வந்த பதில். வேறு யாராக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். “வண்டியைக் கொண்டுவாருங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளமுள்ள பதில்கள்.

மறுநாள் மாலை வண்டியைக் கட்டி இழுத்துவந்தார்கள். இடது முன்சக்கரத்தைக் கழற்றியதும் தெரிந்துவிட்டது. பிரேக் டிஸ்க் சூட்டில் நீலம் பாரித்திருந்தது. டிஸ்கை அழுத்துகிற பேட் தேய்ந்து இரும்பைத் தொட இன்னும் ஒரு நூல்தான் பாக்கி. வலது பக்கத்தில் பாதிக்கு மேல் இருந்தது. சக்கரத்தைக் கையால் சுற்றினால் சுற்றியது, அது ஆறிப்போன வண்டி. பட்டறைப் பையனை விட்டு ஏழெட்டு முறை பிரேக்கை மிதித்து விடச் சொன்னேன். அப்புறம் சுற்றினால் இறுகி நின்றது. சக்கரத்துக்குப் பிரேக் ஆயில் கொண்டுபோகிற ரப்பர் குழாய்தான் ஹோஸ். அதற்கு மேலே இரும்புக் குழாய் இணைப்பைத் தளர்த்தினேன், விடவில்லை. பேடை அழுத்திப் பிடிக்கிற காலிப்பரில், ஆயிலை வெளியே விடுகிற பிளீடர் நிப்பிளைக் கால் சுற்றுத் தளர்த்தியதும் ஆயில் பீய்ச்சி அடித்தது, சக்கரம் தானாகத் தளர்ந்தது. அழுத்தம் காலிப்பருக்கும் ஹோஸுக்கும் நடுவே சிறைப்பட்டுக் கிடந்திருக்கிறது.

ஹோஸைக் கழற்றி வாயில் வைத்து ஊதினேன். ஒரு பக்கமிருந்து ஊதினால் போனது. மறுபக்கமிருந்து ஊதினால் கன்னம்தான் உப்பியது. பிளேடால் நீளவாக்கில் கீறிப் பிரித்தேன். மேல் ரப்பரில் ஒரு வெடிப்பில்லை. உள்ரப்பர் ஊறிப் பெருத்து, ஓரிடத்தில் உரிந்து நாக்குப்போல் தொங்கியது. கால் அழுத்துகிற வேகத்துக்கு அந்த நாக்கு ஒதுங்கி ஆயிலை உள்ளே விடும். காலை எடுத்த பிறகு திரும்பி வர விடாது.

ஆக, வண்டி ஓடும்போது இழுக்கவில்லை, பிரேக் பிடிக்கும்போதும் இழுக்கவில்லை. பிரேக்கை விட்ட பிறகு இழுத்திருக்கிறது. நான் இருபத்திரண்டு வருடமாகக் கேட்கிற கேள்வியில் அதற்கு இடமே கிடையாது. அவன் தன் சொல்லில், தனக்குத் தெரிந்த மட்டும் சொன்னான். ஆயிலும் திரும்பவில்லை என்று இப்போது எனக்குக் குதர்க்கமாகத் தோன்றுகிறது.

டயரில் குற்றம் இருந்தது மெய். அதை நான் கண்டுபிடித்ததும் மெய். ஒரு காரணம் கிடைத்துவிட்டால் இன்னொன்றைத் தேட யாருக்கும் கை ஓடாது. அதைவிட உறுத்துவது, டயரை மாற்றிய அன்று அந்த இடது சக்கரம் என் கையில் இருந்தது என்பது. காலிப்பர் முகத்துக்கு நேரே இருந்திருக்கும். பேட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று குனிந்து பார்க்க அரை நிமிடம் போதும். அன்று அது தேய்ந்திருந்ததா, அந்த ஒன்பது நாளில் தேய்ந்ததா என்று எனக்குத் தெரியாது. பார்க்காததால் தெரியாது.

அவன் தூங்கவும் செய்திருக்கலாம். அதையும் சொல்ல வேண்டும். மூன்று மணிக்கு எழுந்தவன், மதிய வெயில், வெறும் வண்டி. ஹோஸ் அடைத்த வண்டிகளை எத்தனையோ பேர் சுவரில் முட்டாமல் என் பட்டறை வரைக்கும் ஓட்டிவந்திருக்கிறார்கள். இப்படி நினைக்கும்போது கொஞ்சம் இலேசாக இருக்கிறது. சற்று நேரம்தான்.

முதலாளியிடம் சொன்னேனா என்றால், சொன்னேன் என்றுதான் சொல்ல வேண்டும். பில்லில் மூன்றாவது வரியில் ‘இடது முன் பிரேக் ஹோஸ் உள்ளடைப்பு, மாற்றியது’ என்று தெளிவாக எழுதினேன். அவர் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்துப் பணம் கொடுத்தார். பையனை ஏற்கெனவே நிறுத்திவிட்டதாகவும் புது ஆள் நிதானமாக ஓட்டுவதாகவும் சொன்னார். அந்த மூன்றாவது வரியை வாய்விட்டு வாசித்துக் காட்ட எனக்கு நேரம் இருந்தது. கிழித்த ஹோஸும் பக்கத்துப் பலகையிலேயே கிடந்தது.

இப்போதெல்லாம் சோதனை ஓட்டம் என்றால் புளியரை ஏற்றம் வரைக்கும் போய் இறங்கித்தான் வருகிறேன். டீசல் செலவு என்று வாடிக்கையாளர்கள் முணுமுணுக்கிறார்கள். சக்கரத்தைக் கழற்றினால் பேட் பார்க்கிறேன். ஆனால் முதல் கேள்வி அதே பழைய கேள்விதான், நாக்கில் ஊறிவிட்டது.

போன மாதம் செங்கோட்டை பஸ் நிலையத்தில் அவனைப் பார்த்தேன். பலசரக்குக் கடை ஒன்றில் நிற்கிறானாம். மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினான், சரியாகிவிட்டது. டீ வாங்கிக் கொடுத்தேன். ஹோஸ் விஷயத்தை எங்கிருந்து தொடங்குவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவனே கேட்டான்: “அந்த வண்டி இப்போது நேராக ஓடுகிறதா அண்ணாச்சி?”

“ஓடுகிறது” என்றேன்.

தென்காசி பஸ் வந்தது. ஏறிக்கொண்டான்.