மனைவி வெளிநாட்டவர் என்றால்: பெங்களூருவில் எங்கள் முதல் இரண்டு வருடங்கள்

வெளிநாட்டுப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே குடித்தனம் நடத்தப் போகிறேன் என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது "அவங்க இப்போ வேலைக்குப் போறாங்களா?" என்றுதான். விசா கிடைத்துவிடும். கொஞ்சம் அலைச்சல், அவ்வளவுதான். ஆனால் வேலைக்குப் போய்ச் சொந்தக் காலில் நின்ற ஒருத்தி இங்கே வந்து குறைந்தது இரண்டு வருடம் சம்பளம் இல்லாமல் இருக்க வேண்டி வரும். அதைப் பற்றிக் கல்யாணத்துக்கு முன்பே இருவரும் உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.

என் மனைவி ஜப்பானைச் சேர்ந்தவள். ஒசாகாவில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தாள். நான் பெங்களூருவில் பிறந்து வளர்ந்தவன். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக அல்சூருக்கு வந்தவர். 2022-ல் எங்கள் கல்யாணம் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி இங்கே பதிவானது. 1954-ஆம் வருடச் சட்டம் அது. நோட்டீஸ் கொடுப்பதற்கு முன் இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். கொடுத்த பிறகு இன்னும் 30 நாள் காத்திருக்க வேண்டும். மூன்று சாட்சிகள் வேண்டும். நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் திருமணம் நடக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து நோட்டீஸ். அவள் தரப்பில் கேட்டது, கல்யாணம் செய்துகொள்ளத் தடை எதுவும் இல்லை என்ற சான்று. அதைப் பெங்களூருவில் உள்ள ஜப்பான் துணைத் தூதரகத்திலேயே வாங்கினோம்.

கோயிலில் மாலை மாற்றிவிட்டு, பதிவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெளிநாட்டு மனைவி இங்கே நீண்ட காலம் தங்கி வேலைக்கும் போக வழி செய்வது ஓசிஐ அட்டை. பின்னால் அதற்கு விண்ணப்பிக்கும்போது, பதிவு செய்த திருமணம் தொடர்ந்து இரண்டு வருடமாவது நீடித்திருக்க வேண்டும் என்கிறது குடியுரிமைச் சட்டம். அதிகாரிகள் கையில் எடுத்துப் பார்ப்பது பதிவுச் சான்றிதழைத்தான். பதிவு தள்ளிப் போனால் அவள் வேலைக்குப் போகும் நாளும் அந்த அளவுக்குத் தள்ளிப் போகும்.

கல்யாணத்துக்கு அவள் வந்தது இணையத்திலேயே வாங்கும் ஈ-விசாவில். அதை இங்கிருந்தபடியே வேறு விசாவாக மாற்ற முடியாது என்பது தெரிந்துதான் வந்தாள். அதனால் பதிவு முடிந்ததும் ஊருக்குப் போனாள். வெளிநாட்டில் நடந்த கல்யாணத்தை மூன்று மாதத்துக்குள் ஜப்பானிய குடும்பப் பதிவேட்டில் ஏற்றிவிட வேண்டும். நம் சான்றிதழை ஜப்பானிய மொழியில் பெயர்த்துக் கொடுக்க வேண்டும், அதைத் தானே செய்துகொள்ளலாம் என்பதால் அவளே எழுதினாள். பிறகு ஒசாகாவில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் இந்தியரின் மனைவிக்கான எக்ஸ்-2 விசாவுக்கு விண்ணப்பித்தாள். இதற்குள் என் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து மனைவி பெயரைச் சேர்த்துவிட்டேன். பழைய புத்தகத்திலேயே எழுதித் தர மாட்டார்கள், புதுப் புத்தகம்தான். கல்யாணமான கையோடு இதைச் செய்துவிட்டால் பின்னால் எந்த மேசையிலும் "இவங்கதான் உங்க மனைவியா?" என்ற கேள்வி நீளாது.

விசா 180 நாளுக்கு மேல் என்பதால், வந்து இறங்கிய 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில், அதாவது எஃப்ஆர்ஆர்ஓவில், பதிய வேண்டும். எல்லாம் இணையத்திலேயே முடிகிறது. சிக்கியது வீட்டு ஓனரிடம். வெளிநாட்டவரைத் தங்க வைப்பவர், அப்போது ஃபார்ம்-சி என்று இருந்த தகவல் படிவத்தை 24 மணி நேரத்துக்குள் பதிவேற்ற வேண்டும். காக்ஸ் டவுனில் எங்கள் ஓனர் அம்மாவுக்குப் போலீஸ் என்ற சொல்லே ஆகாது. "உன் பொண்டாட்டி தங்கமான பொண்ணுப்பா, ஆனா என் பேரை எதுக்கு கவர்மென்ட்ல எழுதணும்?" என்றார். அவர் பேரனைக் கூட்டி வந்து, திரையில் ஒவ்வொரு கட்டமாகக் காட்டிய பிறகுதான் சம்மதித்தார். வீடு பார்க்கும்போதே, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே, இதைச் சொல்லிவிடுவது நல்லது. வீடு மாறினால் புது முகவரியையும் தெரிவிக்க வேண்டும்.

பான் அட்டைக்கு வெளிநாட்டவருக்கென்று அப்போது தனிப் படிவம் இருந்தது, 49ஏஏ. ஆதாருக்குக் கடைசி 12 மாதத்தில் 182 நாள் இங்கே தங்கியிருக்க வேண்டும். ஒரு வங்கிக் கிளையில் வெளிநாட்டவருக்குக் கணக்கே கிடையாது என்று திருப்பி அனுப்பினார்கள், இன்னொரு கிளையில் அதே காகிதங்களை வாங்கிக்கொண்டு திறந்துகொடுத்தார்கள். ஒரு இடத்தில் முடியாது என்றால் சண்டை போட்டு நேரத்தை வீணாக்காமல் அடுத்த கிளைக்குப் போய்விடுங்கள்.

இனி வேலை விஷயம். எக்ஸ்-2 விசாவில் இங்கே வேலைக்குச் சேர முடியாது. வேலை விசா வேண்டுமென்றால் வருடச் சம்பளம் 16.25 லட்சம் ரூபாய்க்கு மேல் இருக்க வேண்டும். அதோடு, தகுதியுள்ள இந்தியர்கள் தாராளமாகக் கிடைக்கும் வேலைக்கு அந்த விசா தர மாட்டார்கள். கணக்குப் பிள்ளைக்கு இந்த ஊரில் பஞ்சமா என்ன? சம்பள வரம்பிலிருந்து விலக்கு உண்டு. ஆங்கிலம் தவிர்த்த பிற மொழி ஆசிரியர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், சொந்த நாட்டுச் சமையல் செய்யும் சமையல்காரர்கள் எல்லாம் அதில் வருவார்கள். ஜப்பானிய மொழி கற்றுத்தரும் ஒரு நிறுவனம் இவளைக் கூப்பிடவும் செய்தது. ஆனால் விசாவுக்கான காகிதம் எதுவும் தர அவர்கள் தயாராக இல்லை. "கையிலே காசு தர்றோம், யாருக்குத் தெரியப்போவுது?" என்றார்கள். தெரிந்தவர்களும் இதையேதான் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். ஓசிஐக்கு முன்னால் பாதுகாப்பு விசாரணை உண்டு. விசா நிபந்தனையை மீறியதாக ஒரு வரி பதிவானாலும் அவள் இந்த ஊரில் வாழ்வதே கேள்வியாகிவிடும். இதில் எனக்கு இன்றும் இரண்டாம் கருத்து இல்லை.

அந்தக் காலத்தில் அவள் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தாள். இடது பக்கம் தன் சேமிப்பிலிருந்து எடுத்தது, வலது பக்கம் என் சம்பளத்திலிருந்து எடுத்தது. சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் வாங்கிய மீனும் பூவும் கூட அந்தந்தப் பக்கத்தில் இருக்கும். மாதம் போகப் போக இடது பக்கத்தில் வரிகள் குறைந்தன. தனக்கென்று எதையும் வாங்காமல் விட ஆரம்பித்துவிட்டாள். செருப்பு அறுந்தபோது ஊக்கு குத்திப் போட்டுக்கொண்டு நடந்தாள். கேட்டதற்கு, "உன் காசில் எனக்குச் செருப்பு வாங்கக் கூச்சமாக இருக்கிறது" என்றாள். பத்து வருடம் சம்பாதித்தவள். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் முதல் தேதி என் கணக்கிலிருந்து அவள் கணக்குக்கு ஒரு தொகை தானாகப் போகும்படி செய்தோம். அவள் கேட்கவும் வேண்டாம், நான் கொடுக்கவும் வேண்டாம். கணவன் மனைவிக்குத் தரும் பணத்துக்கு வரி கிடையாது. அதை டெபாசிட்டில் போட்டு வரும் வட்டி மட்டும் கணவன் வருமானத்தோடு சேரும். இந்த விதியைக் கண்டுபிடித்துச் சொன்னதே அவள்தான். ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் என் அண்ணி வீட்டுக்கு வந்து டாலி என்ற கணக்கு மென்பொருளும் ஜிஎஸ்டியும் சொல்லிக்கொடுத்தார். இரவு பத்து மணிக்கு அண்ணியும் அவளும் பாதி ஆங்கிலம் பாதி தமிழில் உள்ளீட்டு வரிக் கணக்குப் போட்டுக்கொண்டு இருப்பார்கள். அம்மா நடுவில் வந்து, "கண்ணு, தோசை ஆறுது" என்பார். "ரெண்டு நிமிஷம், அத்தை" என்று பதில் வரும். அந்த இரண்டு வருடத்தில் அவள் முகம் தெளிந்தது அந்தப் பாடத்துக்குப் பிறகுதான்.

2024-ல் ஓசிஐக்கு விண்ணப்பித்தோம். இந்தியாவில் கட்டணம் 15,000 ரூபாய். அவள் அம்மாவுக்கு ஒரு பயம் இருந்தது, மகளின் ஜப்பானிய பாஸ்போர்ட் போய்விடுமோ என்று. ஜப்பான் இரட்டைக் குடியுரிமையை ஏற்காது. ஓசிஐ என்பது பெயரில்தான் குடியுரிமை, நிஜத்தில் நீண்ட கால விசா மாதிரிதான். அதனால் அங்கே எதுவும் பறிபோகாது என்று விளக்கியதும் நிம்மதியானார்.

பெயர்தான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. அவள் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரையே வைத்துக்கொண்டாள். ஜப்பானில் வெளிநாட்டவரைக் கட்டியவர் பெயர் மாற்றியாக வேண்டும் என்று இல்லை, மாற்ற விரும்பினால் ஆறு மாதத்துக்குள் ஒரு படிவம் கொடுத்தால் போதும். எனக்கோ நம் ஊர் வழக்கப்படி இனிஷியல், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் அப்பா பெயர். சான்றிதழில் இனிஷியல் முன்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, மின் கட்டண ரசீதில் இனிஷியல் பின்னால். இவை எல்லாம் ஒரே ஆள் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதி இணைத்தோம். தமிழ்ப் பெயர்க்காரர்கள் இதைக் கேட்பதற்கு முன்பே எடுத்து வைத்துவிடுங்கள். விண்ணப்பத்தோடு ஏற்றும் கையெழுத்துப் படம் அகலம் மூன்றுக்கு உயரம் ஒன்று என்ற அளவில் இருக்க வேண்டும். அவள் பாஸ்போர்ட்டில் போட்ட ஜப்பானியக் கையெழுத்தையே அந்தக் கட்டத்துக்குள் அடங்கும்படி ஒரு மாலை முழுக்க எழுதிப் பார்த்தாள்.

போலீஸ் விசாரணைக்கு வந்த கான்ஸ்டபிள் கன்னடத்தில் தொடங்கி, அப்பாவைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். அக்கம் பக்கத்தில் கேட்க வேண்டும் என்றார். முதலில் அவர் தட்டியது ஓனர் அம்மா கதவை. ஃபார்ம்-சிக்கே பயந்தவர், அன்று வாசலிலேயே நின்று, "ரெண்டு வருஷமா என் கண்ணு முன்னாலதான் இருக்காங்க, மழை வந்தா என் துணியையும் இந்தப் பொண்ணுதான் எடுத்து வைக்கும், எழுதிக்கோங்க சார்" என்று தன் ஆதாரையும் எடுத்து நீட்டினார்.

பிறகு சாந்தி நகருக்கு நேரில் கூப்பிட்டார்கள். சேலத்துக்கும் மதுரைக்கும் பஸ் பிடிக்க நாம் போகும் அதே பஸ் நிலையக் கட்டடத்தின் மேல் மாடியில்தான் எஃப்ஆர்ஆர்ஓ. எப்படிச் சந்தித்தீர்கள், வீட்டில் யார் யார், எந்த மொழியில் பேசுவீர்கள் என்று கேட்டார்கள். மரியாதையாகவே கேட்டார்கள். மூலச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் வரிசைப்படி கோப்பில் வைத்துக் கொண்டுபோனது பெரிய உதவி.

அட்டை வந்த பிறகு வேலைக்குத் தனி அனுமதி வேண்டாம், எஃப்ஆர்ஆர்ஓ பதிவும் வேண்டாம். ஓட்டுரிமை கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. பத்திரிகை வேலைக்கும் ஆராய்ச்சிக்கும் தனி அனுமதி வாங்க வேண்டும். அவள் இப்போது ஜப்பானிய நிறுவனங்களுக்குக் கணக்குப் பார்க்கும் ஓர் அலுவலகத்தில் இருக்கிறாள். நோட்டுப் புத்தகத்தின் இடது பக்கம் மறுபடி நிரம்புகிறது.

அட்டை வாங்கியதோடு வேலை முடிந்துவிடாது. கணவன், மனைவி என்ற வகையில் ஓசிஐ வாங்கியவர்கள், ஒவ்வொரு முறை புதுப் பாஸ்போர்ட் எடுக்கும்போதும் அதன் நகலையும் புதுப் படத்தையும், திருமணம் நீடிக்கிறது என்ற உறுதிமொழியையும் மூன்று மாதத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடியேற்ற, வெளிநாட்டினர் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது, 1946-ஆம் வருட வெளிநாட்டினர் சட்டம் உட்பட நான்கு பழைய சட்டங்கள் போய்விட்டன. ஆகவே நான் சொன்ன படிவப் பெயர்களை அப்படியே நம்பாமல், விண்ணப்பிக்கும் அன்று அரசுத் தளத்தில் இருப்பதைப் படித்துவிட்டு நிரப்புங்கள்.