வாடகை நாவல்களும் பென்சில் குறிப்புகளும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் பூசைப் பொருள்களும் பஞ்சாங்கமும் பள்ளிப் புத்தகங்களும் ஒன்றாக விற்கும் ஒரு கடையில் நான் இருபத்து நான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். கடையின் பின்சுவரை ஒட்டிய மூன்று அலமாரிகளில் வாடகை நாவல்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை சென்னையிலிருந்து கட்டுக்கட்டாக வந்த மாத நாவல்கள். அவற்றைப் பதிவேட்டில் எழுதிக் கொடுப்பதும், திரும்பி வந்தவற்றைப் புரட்டிப் பார்த்துக் கிழிந்த தாள்களை ஒட்டுவதும், வாசகர்கள் ஓரத்தில் எழுதிவைக்கும் பென்சில் குறிப்புகளை அழிப்பதும் என் பொறுப்பு.

இந்த அலமாரியின் முதல் வாசகர்கள் ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய பெண்கள். விடியுமுன் பெரட்டு என்ற வருகைப் பதிவுக்குப் போய், வெயில் ஏறுவதற்குள் மரம் வெட்டி, பாலை எடுத்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு, வீட்டுச் சமையலையும் முடித்த பிறகு, லயம் என்ற தோட்டத்து வரிசை வீடுகளின் வாசலில் ஒருவர் வாசிக்க நான்கைந்து பேர் கேட்பார்கள். என் தாயார் அப்படி வாசித்துக் காட்டியவர். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன தமிழ் நேசன் நாளிதழின் ஞாயிறு பதிப்பு வந்தால் கதைப் பக்கம்தான் முதலில் விரியும். தோட்டங்கள் செம்பனைக்கு மாறிக் குடும்பங்கள் தாமான் எனப்படும் குடியிருப்பு வீடுகளுக்கு வந்துவிட்டன. அந்தப் பெண்களின் மகள்கள் இப்போது தொழிற்சாலை பஸ்ஸில் வேலைக்குப் போகிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை பஸ் இறங்கியதும் இரண்டு புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்து வேறு இரண்டை எடுத்துச் செல்லும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தமிழாசிரியை கடைக்கு வந்து, இடைநிலைப் பள்ளியில் படிவம் நான்கிலும் ஐந்திலும் பயிலும் மாணவிகளுக்கு இந்த நாவல்களை வாடகைக்குக் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கையில் எங்கள் கடை முத்திரையுள்ள ஒரு நாவலே இருந்தது. அதில் புதிதாக மணமான கணவன், சந்தேகத்தின் பேரில் மனைவியின் கையை முறுக்குகிறான். மணிக்கட்டில் பதிந்த விரல் தடத்தைக் கதை சொல்பவரே அவனுடைய உரிமையின் அடையாளம் என்ற பொருளில் வருணிக்கிறார். கடைசிப் பக்கங்களில் அவன் கண்ணீர் விடுகிறான், அவள் அந்தக் கோபத்திற்கு அடியில் இருந்தது அன்பே என்று உணர்கிறாள், கதை முடிகிறது. “பதினாறு வயசுப் பிள்ளை இதைப் படிச்சிட்டு, நாளைக்கு ஒருத்தன் கையைப் பிடிச்சு முறுக்கினா அன்புன்னு நினைச்சுக்காதா?” என்று அவர் கேட்டார்.

“கதைதானே, டீச்சர்” என்று நான் பதில் சொன்னேன். அந்தப் பதிலுக்காக இன்றும் வருந்துகிறேன். கதை வெறும் கதைதான் என்றால், என் தாயார் வாசிக்கும்போது லயத்துப் பெண்கள் ஏன் அழுதார்கள்? களைத்த உடலோடு ஒருத்தி ஏன் நள்ளிரவு வரை விளக்கை அணைக்காமல் இருக்கிறாள்? வெகுசன நாவலுக்கு வலிமை உண்டு என்று நம்புகிறவள், அதன்மேல் குற்றச்சாட்டு வந்தவுடன் அதற்கு வலிமையே இல்லை என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது. ஆசிரியை அந்த நாவலை மதித்துத்தான் அதனோடு சண்டையிட்டார். நான் அதைக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு சிறுமைப்படுத்திவிட்டேன்.

அதன் பிறகு, இந்த நாவல்களில் கணவன் ஏன் இவ்வளவு கடுமையானவனாக வருகிறான் என்பதை எண்ணிப் பார்த்தேன். வீட்டில் எல்லோர் கையிலும் புரளும் புத்தகம் என்பதால், திருமணத்திற்குப் பின் பிறக்கும் காதலே எழுதுகிறவருக்குப் பாதுகாப்பான வழி. ஆனால் இரண்டாம் அத்தியாயத்திலேயே தாலி ஏறிவிட்டால் கதையை நகர்த்தும் தடை எங்கிருந்து வரும்? கணவனே தடையாகிறான். அவனுக்கு ஒரு பழைய பகையோ தவறான சந்தேகமோ கொடுக்கப்படுகிறது. மாத நாவலுக்குப் பக்க அளவும் உண்டு. ஆகவே கோபத்திற்கு எண்பது பக்கமும் மனமாற்றத்திற்குப் பத்துப் பக்கமும் கிடைக்கின்றன. வாழ்க்கையில் ஒருவன் மாறுவதற்கு, மாறினால், ஆகும் நீண்ட காலம் அந்தப் பத்துப் பக்கத்தில் அடங்குவதில்லை. என் பார்வையில் இந்தக் கதைகளின் உண்மையான குறை, கொடுமையான கணவனைக் காட்டுவதில் இல்லை. அப்படிப்பட்ட கணவர்கள் எங்கள் தாமானில் இருக்கிறார்கள். அவர்களைக் காட்டாத நாவலை இந்த ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். காயத்திற்குக் காயம் என்று பெயரிடும் உரிமை யாருக்குக் கொடுக்கப்படுகிறது என்பதுதான் கேள்வி.

இதை எனக்குத் தெளிவாக்கியது சிலப்பதிகாரம். அடுத்த முறை ஆசிரியை வந்தபோது, கணவன் பிரிந்து போய்ப் பொருளை இழந்து திரும்பி வந்ததும் காற்சிலம்பை எடுத்துக்கொள்ளச் சொல்லும் கண்ணகியை மட்டும் மாணவிகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் சற்றும் தயங்காமல் கொலைக்களக் காதையைச் சொன்னார். மதுரைப் புறஞ்சேரியில், மாதரி கொடுத்த வீட்டில், தன் கையால் சமைத்துப் பரிமாறிய பிறகு, கோவலன் தன் பிழைகளை நினைத்து நொந்து, எழுக என்றதும் எப்படி என்னோடு எழுந்து வந்தாய் என்று கேட்கிறான். கண்ணகியின் மறுமொழியில் “போற்றா ஒழுக்கம் புரிந்தீர்” என்ற சொற்கள் வருகின்றன. பெரியோர் போற்றாத நடத்தையை நீர் மேற்கொண்டீர் என்று, கூச்சல் இல்லாமல், அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறாள். அவள் அவனோடு வந்தாள், சிலம்பையும் கொடுத்தாள், ஆனால் நடந்ததற்கு வேறு பெயர் வைக்கவில்லை. அந்த ஒரு வரி இருப்பதால்தான் அந்தக் காப்பியத்தை மாணவிகளுக்கு முன்னால் நிமிர்ந்து நின்று நடத்த முடிகிறது என்று ஆசிரியை சொன்னார். நான் முழு மனதோடு ஒத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து அலமாரியை நான் அந்த வரியைத் தேடித்தான் வாசிக்கிறேன். மனைவி அந்த வரியைச் சொல்லும் நாவல்கள் நான் நினைத்ததைவிட அதிகம். சிலவற்றில் நாயகி பிறந்த வீட்டுக்குப் போய் வேலை தேடிக்கொள்கிறாள். திரும்பி வருவதற்கு நிபந்தனை வைக்கிறாள். சிலவற்றில் அவள் சொல்வதில்லை, மாமியாரோ பக்கத்து வீட்டுப் பாட்டியோ அவளுக்காகச் சொல்கிறார்கள். ஆசிரியை கொண்டுவந்த நாவலில் மட்டும் யாருமே சொல்லவில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அந்தக் கதையின் இன்னொரு பிரதி அலமாரியில் இருந்தது. பழையது, பலர் கைபட்டது. அதன் மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்தபோது விரல் தட வருணனையின் ஓரத்தில் பென்சில் எழுத்துகள் இருந்தன. “இது அன்பு இல்லை” என்று ஒரு கை எழுதியிருந்தது. கீழே வேறு ஒரு கையெழுத்தில், “என் வீட்டிலும் இப்படித்தான் ஆரம்பித்தது.” இன்னும் கீழே, நடுங்கும் பெரிய எழுத்தில், “போ அம்மா, அம்மா வீட்டுக்குப் போ.” எத்தனை ஆண்டுகளாக இப்படிப்பட்ட வரிகளைப் படிக்காமலே அழித்து வந்திருக்கிறேன் என்று நினைத்தபோது எனக்குக் கை ஓடவில்லை. எழுத்தாளர் கொடுக்கத் தவறிய வரியை வாசகிகளே எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

வெகுசன நாவலுக்காக நான் வாதாடுவது இதனால்தான். தன் வீட்டுக் கதையை வாய்விட்டுச் சொல்ல முடியாதவள், கதையில் வருகிறவளைப் பற்றிப் பேசலாம். இதை நான் கல்லாவுக்குப் பின்னால் நின்று பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு பழைய நாவலில் நாயகன் தினமும் பஸ் நிற்கும் இடம்வரை நாயகியைப் பின்தொடர்வதை, என் வயதுப் பெண்கள் ஒரு காலத்தில் ரசித்தோம். அதே புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த ஒரு இளம்பெண், “இதுக்கு இப்ப கேஸ் போடலாம்க்கா” என்றாள். அவள் சொன்னது சரி. 2023இல் குற்றவியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 507A பிரிவு, ஒருவரைத் தொடர்ந்து பின்தொடர்ந்து அச்சுறுத்துவதைக் குற்றமாக்கி, மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்கு இடம் தருகிறது. நாவல் அப்படியே இருக்கிறது. வாசிக்கும் கண் மாறியிருக்கிறது.

இன்னொரு மாலை, நாற்பது வயதை நெருங்கிய ஒருவர் புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு வெகுநேரம் நின்றார். “இந்தக் கதையில வர்ற பொண்ணு, நம்ம ஊர்ல இருந்தா எங்க போவா தங்கச்சி?” என்று கேட்டார். குடும்ப வன்முறைச் சட்டம் 1994இல் நிறைவேறி 1996இல் நடப்புக்கு வந்ததையும், மனத்தைக் காயப்படுத்துவதும் அதில் அடங்கும் என்பதையும், 2018 முதல் சமூகநல அதிகாரியே ஏழு நாள்களுக்கு அவசரப் பாதுகாப்பு உத்தரவு வழங்க முடியும் என்பதையும் எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். கதையில் வரும் பெண்ணுக்குச் சொல்வது போலவே சொன்னேன். அவரும் அப்படியே கேட்டுக்கொண்டார். வாடகை அட்டையின் பின்புறத்தில் தாலியான் காசே என்ற உதவித் தொலைபேசிச் சேவையின் எண் 15999ஐ எழுதிக் கொடுத்தேன். அவர் அட்டையை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். அந்த நாவல் இல்லாவிட்டால் அந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்டிருக்க மாட்டார்.

பென்சில் குறிப்புகள் உள்ள பிரதியை ஆசிரியையிடம் காட்டினேன். அவர் நின்றபடியே அந்தப் பக்கத்தை இரண்டு முறை வாசித்தார். ஆனால் அவருடைய கவலை தீரவில்லை. இந்தப் பெண்கள் வாழ்ந்து பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார்கள், என் மாணவி வாழ்வதற்கு முன்னால் வாசிக்கிறாள், இரவில் தனியாக வாசிப்பவளுக்கு யார் இதைச் சொல்வார்கள் என்று கேட்டார். அதற்கு என்னிடம் முழுமையான மறுமொழி இல்லை. லயத்து வாசலில் நால்வரோடு கேட்டவளுக்கும், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பவளுக்கும் ஒரே கதை ஒன்றாக இருப்பதில்லை. இந்த இடத்தில் அவர் வாதம் என் வாதத்தைவிட வலுவானது.

மாணவிகளுக்குக் கொடுப்பதை நான் நிறுத்தவில்லை. குறிப்புகளை அழிப்பதைத்தான் நிறுத்திவிட்டேன். அந்த நாவலுக்கு இப்போது கடையில் இரண்டு பிரதிகள் உண்டு. பள்ளிச் சீருடையில் வந்து யாராவது அதைக் கேட்டால், முன்வரிசையில் இருக்கும் புதிய பிரதியை விட்டுவிட்டு, உள்ளே போய்ப் பழையதை எடுத்து வந்து கொடுக்கிறேன்.